கட்டைவிரலுக்கும் வேலை: வெள்ளவத்தையில் ஒரு ஒற்றைக்கை கீபேட் உருவான விதம்

கணினி விளையாட்டுகளை விசைப்பலகையில் விளையாடும்போது இடது கைக் கட்டைவிரலுக்கு இருக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: ஸ்பேஸ் பாரைத் தட்டுவது. கையில் வலுவும் அசைவும் கூடிய விரல் அது. அதைச் சும்மா கிடத்திவிட்டு, சுண்டுவிரலை ஷிஃப்டுக்கும் கன்ட்ரோலுக்கும் மாறிமாறி இழுக்கிறோம். நடுவிரலை முன்னும் பின்னும் ஓட்டுகிறோம். சாதாரண விசைப்பலகையை விட்டு ஒற்றைக்கை கீபேடுக்கு, அதாவது ஒரு கைக்கு மட்டுமான சிறு விசைப்பலகைக்கு, நான் மாறியதற்கும், அதைக் கடையில் வாங்காமல் கையாலேயே செய்ததற்கும் மூல காரணம் இதுதான். வேகம் கூடும், விசைகள் கூடும் என்று விளம்பரங்கள் சொல்வதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

இரண்டாவது காரணம் மேசை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒழுங்கையில் ஒரு மாடி அனெக்ஸில் இருக்கிறேன். சுவருக்கும் அலுமாரிக்கும் இடையில் அடங்கக்கூடிய மேசையின் அகலம் 75 சென்டிமீற்றர். முழு அளவு விசைப்பலகை அதில் 44 சென்டிமீற்றரைப் பிடித்துக்கொள்கிறது. மிஞ்சிய இடத்தில் மௌஸை நீட்டி ஓட்ட முடியாது. அதன் வேகத்தைக் கூட்டிவைத்து மணிக்கட்டால் மட்டும் ஆட்ட வேண்டியிருந்தது. இரவு விளையாடினால் காலையில் வலது மணிக்கட்டு கனத்தது. இடது கைக் கருவியைச் சிறிதாக்குவதே வலது கைக்குச் செய்யும் முதல் உதவி என்று அப்போது புரிந்தது.

எண்விசைகள் இல்லாத குட்டி விசைப்பலகையே போதாதா என்று கேட்கலாம். இடப் பிரச்சினையை அது தீர்க்கும். கையின் பிரச்சினை அப்படியே இருக்கும். விசைப்பலகையின் எழுத்து வரிசைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்பது பழைய தட்டச்சுப் பொறியின் நெம்புகோல்களுக்கு வழிவிடுவதற்காக வந்த அமைப்பு. மின்சுற்றுக்கு அது தேவையே இல்லை. மேலிருந்து கீழே வர வர விசைகள் வலப்பக்கம் நகர்கின்றன. இடது கையோ உடலின் இடப்பக்கத்திலிருந்து சாய்ந்து வருகிறது. விரலை உள்ளே மடக்கினால் நுனி இடப்பக்கமாகக் கீழே இறங்கும். விரல் ஒரு பக்கம், விசை மறுபக்கம். வலது கைக்கு இந்த விலகல் ஓரளவு ஒத்துப்போகிறது. இடது கைக்கு நேர் எதிராக நிற்கிறது. நகர்வதற்கு டபிள்யூ-ஏ-எஸ்-டி விசைகளைப் பிடிக்கும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் என்று சொல்லப்படுபவர் டென்னிஸ் ஃபோங். 1997இல் குவேக் என்ற துப்பாக்கி விளையாட்டின் போட்டியில் வென்று, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோன் கார்மாக்கின் ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்றவர். அன்றைய நிலையில் அது மிகச் சிறந்த தீர்வு. ஆனாலும் இருக்கிற பலகைக்குக் கையைப் பழக்கிய தீர்வுதான் அது.

கைக்குப் பலகையைப் பழக்கும் முயற்சிகளும் பழையவையே. பெல்கின் நிறுவனத்தின் நொஸ்ட்ரோமோ வரிசை 2000களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பின்னர் அந்தப் பெயர் ரேசர் நிறுவனத்திடம் போய், ஓர்ப்வீவர், டார்டாரஸ் என்று தொடர்ந்தது. லொஜிடெக்கின் ஜி13 சிறு திரையுடன் வந்து, பின்னர் உற்பத்தி நின்றுபோனது. லத்வியாவில் அசெரோன் என்ற நிறுவனம் ஒவ்வொரு விரலுக்கும் தனிக் கோபுரம் வைத்து, முப்பரிமாண அச்சில் கீபேட் செய்கிறது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நான் ஏறி இறங்கிய கடைகளில் விசைப்பலகைகள் சுவர் முழுக்கத் தொங்கின. கீபேட் மட்டும் இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்புச் செலவும் வரியும் சேரும். அது என் கைக்குப் பொருந்துமா என்று தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. செருப்பை அளவு பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை; மணிக்கணக்கில் கை படுத்திருக்கும் பொருளுக்கு அது இன்னும் பொருந்தும்.

ஆகவே முதலில் கையை அளந்தேன். இறப்பர் முத்திரைக்குப் பயன்படுத்தும் மைப்பெட்டியில் ஐந்து விரல் நுனிகளையும் ஒற்றிக்கொண்டு, முழங்கையை மேசை விளிம்பில் வைத்து, கையைத் தளர்த்தி ஒரு வெள்ளைத் தாளில் விழவிட்டேன். விரலை நீட்டவும் கூடாது, ஒடுக்கவும் கூடாது. களைத்த கை எப்படி விழுமோ அப்படி விழ வேண்டும். ஒரே தாளில் பலமுறை ஒற்றியபோது புள்ளிகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்தன. ஒவ்வொரு கொத்தின் நடுவையும் அடிமட்டத்தால் அளந்தேன். நடுவிரலிலிருந்து மோதிரவிரல் 6 மில்லிமீற்றர் பின்னால், சுட்டுவிரல் 9, சுண்டுவிரல் 27. கட்டைவிரலின் புள்ளிகள் மட்டும் கொத்தாகச் சேராமல் வில் போல ஒரு கோட்டில் பரவின. கட்டைவிரலால் எல்லாத் திசையும் சாய்க்கும் சிறு பிடியான ஜோய்ஸ்டிக்கை எங்கே வைப்பது என்பதை அந்த வில்லின் நடுப்பகுதியே சொல்லிவிட்டது.

இந்த அளவுகளை இங்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருளில் வரைந்தேன். மேலிருந்து கீழாக ஐந்து நிரல்கள், குறுக்காக நான்கு வரிசைகள். சுண்டுவிரல் நிரலில் மட்டும் மேல் விசை கிடையாது, அந்த விரல் அவ்வளவு தூரம் எட்ட வேண்டிய அவசியமே இல்லை. கட்டைவிரலுக்கு ஜோய்ஸ்டிக்கைச் சுற்றி நான்கு விசைகள். மொத்தம் 23 விசைகள். சுவிட்சுகளுக்கு இடையே வழக்கமான 19.05 மில்லிமீற்றர் இடைவெளி. சுவிட்ச் உட்காரும் சதுரத் துளை 14 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். லேசர் கதிர் தானும் கொஞ்சம் தின்னும் என்பதால் படத்தில் 13.9 என்று வைத்தேன்.

தகட்டை மருதானைப் பக்கம் பெயர்ப்பலகை வெட்டும் கடையொன்றில் 3 மில்லிமீற்றர் அக்ரிலிக்கில் வெட்டினார்கள். இந்த வகைச் சுவிட்சின் பக்கவாட்டுக் கொக்கிகள் 1.5 மில்லிமீற்றர் தடிப்புக்காக வடிவமைக்கப்பட்டவை. 3 மில்லிமீற்றரில் அவை பிடிக்காது. 1.5 அக்ரிலிக் வளைந்து கொடுக்கும் என்பதால் தடிப்பானதையே எடுத்து, ஒவ்வொரு சுவிட்சின் அடியிலும் எதிரெதிர் மூலைகளில் சூடான பசையைத் துளியாக விட்டுப் பிடிக்கவைத்தேன். பழுதானால் ஒரு துளி ஸ்பிரிட் விட்டால் பசை உரிந்துவிடும்.

சுவிட்சுகளைப் புதிதாக வாங்கவில்லை. தேநீர் கொட்டி மூளை செத்துப்போன ஒரு மெக்கானிக்கல் விசைப்பலகையைத் திருத்துமிடமொன்றில் கழிவு விலைக்குக் கொடுத்தார்கள். சிவப்புத் தண்டு வகை: 2 மில்லிமீற்றர் இறங்கியதும் பதியும், அடி வரைக்கும் 4 மில்லிமீற்றர், அழுத்தத் தேவையான பலம் 45 சென்டிநியூட்டன். விரலை விசையிலேயே ஓய்வாக வைத்திருக்கும் கருவிக்கு இதைவிட இலகுவானதை எடுக்காதீர்கள். கையின் எடையே விசையை அழுத்திவிடும்.

பழைய பலகையிலிருந்து சுவிட்சுகளை எடுக்க, பற்றவைப்பை உருக்கிக் கழற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. தொழிற்சாலைப் பற்றவைப்பில் பெரும்பாலும் ஈயமில்லாத கலவை இருக்கும். அது 217 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும், உருகினாலும் உறிஞ்சியில் ஏறாமல் அடம்பிடிக்கும். அதன் மேலேயே நம்மிடமுள்ள 60/40 ஈயக் கம்பியைக் கொஞ்சம் உருக்கி ஊற்றினால் இரண்டும் கலந்து இளகிவிடும். பிறகு உறிஞ்சியை வைத்து ஒரே இழுப்பு. சுவிட்சின் உலோகக் கால்கள் இரண்டும் துளையில் சுதந்திரமாக ஆடுகின்றனவா என்று இடுக்கியால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சை இழுக்க வேண்டும்.

எடுத்த ஒவ்வொரு சுவிட்சையும் மல்டிமீற்றரில் வைத்து அழுத்திப் பார்த்தேன். கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று ஒழுங்கை தள்ளி இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: யன்னல் கம்பி துருப்பிடிக்கும் காற்றில் சுவிட்சின் தொடுமுனையும் மங்கும். மங்கிய சுவிட்ச் பீப் என்று நீளமாக ஒலிக்காமல் விட்டுவிட்டு ஒலிக்கும். விளையாட்டில் அது ஒருமுறை அழுத்தியதை இரண்டாகப் பதியும். தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு துளி விட்டு, விடாமல் தட்டி, காயவிட்டு மறுபடி அளந்தேன். பெரும்பாலானவை திருந்தின. திருந்தாதவற்றை இரக்கமில்லாமல் ஒதுக்கினேன். 87 விசைப் பலகையிலிருந்து எனக்குத் தேவை 23தான்.

மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளுக்கும் ஜோய்ஸ்டிக்குக்கும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். 1என்4148 டயோட் என்று கேட்டதும் கடைக்கார நானா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, “எதற்குத் தம்பி இத்தனை?” என்றார். விசைக்கு ஒன்று என்று விளக்கினேன். “அப்படியென்றால் முப்பதாக எடுங்கள். இந்தக் கண்ணாடி உடம்பு காலை மடக்கும்போது வெடிக்கும். உடம்புக்கு ஒட்டி மடக்காமல், இடுக்கியால் பிடித்து அதற்கு அப்பால் மடக்குங்கள்” என்று ஒன்றை எடுத்து மடக்கியே காட்டினார். அவர் கை காட்டிய முறையில்தான் எல்லாவற்றையும் மடக்கினேன், ஒன்றுகூட வெடிக்கவில்லை.

டயோட் எதற்கு என்பதைச் சொல்லியாக வேண்டும். 23 விசைகளுக்கு 23 கம்பிகள் இழுப்பதில்லை. வரிசைகளும் நிரல்களுமாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு நிரலாக மின்சாரம் கொடுத்து எந்த வரிசையில் அது வெளிவருகிறது என்று சிப் பார்க்கும். கட்டை விரல் விசைகளை ஐந்தாவது வரிசையாக எடுத்தால் சிப்பில் 5 + 5 = 10 பின்கள் (இணைப்புக் கால்கள்) போதும். ஆனால் கட்டத்தில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், மின்சாரம் பின்வழியாகச் சுற்றிப் போய் நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். மலிவான விசைப்பலகைகள் இந்தப் பொய் விசையைத் தவிர்ப்பதற்காக மூன்றாவது விசையையே மறுத்துவிடுகின்றன. ஓடிக்கொண்டே குனிந்து குண்டு வீச முயலும்போது ஏதாவது ஒன்று வேலை செய்யாமல் போவது அதனால்தான். விசைக்கு ஒரு டயோட் வைத்தால் மின்சாரம் ஒரே திசையில்தான் போகும். கறுப்புக் கோடு எல்லா டயோடிலும் வரிசைக் கம்பியைப் பார்த்திருக்க வேண்டும். மென்பொருளில் இதற்கு நிரலிலிருந்து வரிசைக்கு என்ற திசையைக் கொடுக்க வேண்டும்.

வரிசைக்குத் தனிக் கம்பி வாங்க வேண்டாம். டயோடின் நீண்ட காலையே அடுத்த டயோடின் மேல் படுத்தி ஈயம் வைத்தால் அதுவே வரிசை. நிரல்களுக்கு, மிஞ்சிய வலையமைப்புக் கேபிளின் உள்ளே இருக்கும் ஒற்றை இழைச் செப்புக் கம்பியை எடுத்தேன். அது வைத்த வளைவில் அப்படியே நிற்கும். சுவிட்ச் வரும் இடங்களில் மட்டும் உறையைச் சூட்டுக்கோலால் இளக்கி விலக்கினால், நடுவில் வெட்டாமல் ஒரே கம்பி மேலிருந்து கீழே ஓடும். நிரல் கம்பி வரிசைக் கம்பியைத் தாண்டும் இடத்தில் உறை இருப்பதால் ஒன்றையொன்று தொடாது. வேலை முடிந்து பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது, வெள்ளிக் கோடுகளின் மேல் செம்மஞ்சளும் நீலமுமாக நிரல்கள் ஓடின. மூடி போட மனம் வரவில்லை. அதனால் அடித்தகட்டையும் நிறமில்லாத அக்ரிலிக்கிலேயே வெட்டுவித்தேன்.

சிப், ஏடிமெகா32யூ4 கொண்ட புரோ மைக்ரோ பலகை. யூஎஸ்பி விசைப்பலகையாகத் தன்னை நேரடியாகக் காட்டிக்கொள்ளக்கூடியது. இதன் மைக்ரோ யூஎஸ்பி வாய் மெல்லிய தகட்டில் ஒட்டியிருப்பதால், கேபிளை இழுத்தால் செப்புத் தடத்தோடு பெயர்ந்து வந்துவிடும். மென்பொருள் ஏற்றுவதற்கு முன்பே அந்த வாயைச் சுற்றி எபொக்சி பூசிவிடுங்கள். கேபிளையும் உடம்பின் உள்ளே ஒரு முடிச்சுக் கவ்வியால் கட்டினேன்.

மென்பொருளுக்குத் திறந்தமூல கியூஎம்கே. ஒரே நேரத்தில் ஆறு விசைகள் என்ற யூஎஸ்பி விசைப்பலகையின் வரம்பை நீக்கும் வசதி அதில் உண்டு. நான் அதைத் தொடவில்லை. நான்கு விரல்கள் நான்கு விசை, கட்டைவிரல் மூலைத்திசையில் தள்ளினால் இரண்டு விசை: மொத்தம் ஆறு. ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவை தனிக் கணக்கு. ஒரு கையால் இதற்கு மேல் அழுத்த முடியாது.

இனி ஜோய்ஸ்டிக். இந்தக் கருவியின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வாங்கியது கேஒய்-023 என்ற சாதாரண மொடியூல். இரண்டு அச்சுக்கும் தலா ஒரு 10 கிலோ ஓம் மாறுதடை. அமுக்கும் சுவிட்சும் உண்டு. அது உள்ளேயே தரையோடு இணைந்திருப்பதால் கட்டத்தில் சேர்க்காமல் தனிப் பின் கொடுக்க வேண்டும். சிப் ஒவ்வொரு அச்சையும் 0 முதல் 1023 வரை எண்ணாகப் படிக்கும். நடு ஏறத்தாழ 512. இதை உண்மையான ஜோய்ஸ்டிக்காகவே கணினிக்குக் காட்டலாம். ஆனால் மௌஸும் ஜோய்ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வந்தால் பல விளையாட்டுகள் தடுமாறுகின்றன; திரைக் குறிகள் கன்ட்ரோலருக்கும் விசைப்பலகைக்கும் இடையே மாறிமாறி மினுங்கும், சிலவற்றில் மௌஸ் நின்றேபோகும். அதனால் சாய்வை டபிள்யூ-ஏ-எஸ்-டி விசைகளாகவே அனுப்பினேன்.

மொடியூலை நேராகப் பொருத்தினால், முன்னால் தள்ளும்போதெல்லாம் விளையாட்டின் கதாபாத்திரம் வலது முன்மூலைக்கு ஓடும். கட்டைவிரலுக்கு முன் என்பது மேசைக்கு முன் அல்ல. மைத்தாளில் வில்லின் சாய்வை அளந்தபோது ஏறத்தாழ 30 பாகை வந்தது. பலகையைத் திருப்பிப் பொருத்த இடமில்லாததால் கணக்கில் திருப்பினேன்: நடுவைக் கழித்த இரு எண்களையும் 30 பாகையின் கொசைன், சைன் மதிப்புகளால் பெருக்கிக் கூட்டுவது. இந்தச் சிப்பில் தசம எண் மெதுவாக ஓடும் என்பதால் 222/256, 128/256 என்ற முழு எண் பின்னங்கள். 512ஐ 222ஆல் பெருக்கினால் ஒரு இலட்சத்தைத் தாண்டும். 16 பிட் எண்ணில் அது அடங்காது, 32 பிட் மாறியையே எடுக்க வேண்டும்.

அடுத்தது வாசல் எண். நடுவிலிருந்து எவ்வளவு சாய்த்தால் விசை பதிய வேண்டும்? இரண்டு அச்சுக்கும் ஒரே எண்ணை வைத்தால், நேராக ஓடும்போது விரல் சற்று விலகினாலும் பக்கவாட்டு விசை சேர்ந்துகொள்ளும். முன்பின் அச்சுக்கு 180, பக்கவாட்டுக்கு 280 என்று வைத்ததும் ஓட்டம் நேரானது. விசையை விடுவிக்கும் எண், பதியும் எண்ணைவிட 50 குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் நிற்கும் விரலின் நடுக்கத்துக்கே விசை படபடக்கும்.

உள்ளங்கைத் தாங்கி மரத்தில். மொறட்டுவையில் தளபாடம் செய்யும் இடத்தில் கேட்டபோது ஒரு பலாத் துண்டைச் சும்மாவே தந்தார்கள். 101 பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பிசைந்து வைத்து அதில் உள்ளங்கையை அழுத்தி எடுத்த அச்சைப் பார்த்துப் பார்த்து அரத்தால் இழைத்தேன். கட்டைவிரலின் அடிமூட்டு எதிலும் முட்டாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். தாங்கி அந்த மேட்டைத் தொட்டால் கட்டைவிரல் சுதந்திரமாகச் சுழலாது, சிறிது நேரத்திலேயே வலியெடுக்கும்.

இனி, எதற்கு நல்லது, எதற்கு இல்லை. வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் போல ஏராளமான திறன்களைக் கைக்கெட்ட வைத்திருக்க வேண்டிய விளையாட்டுகளுக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை. நகர்வு முழுவதும் கட்டைவிரலுக்குப் போய்விட்டதால் நான்கு விரல்களும் ஓடும்போதே வேறு வேலை பார்க்கின்றன. விசைப்பலகையில் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே மோதிரவிரலால் வேறொன்றை அழுத்துவது முடியாத காரியம். இங்கே அது சாதாரணம்.

துப்பாக்கி விளையாட்டுகளில் கதை வேறு. இடமிருந்து வலமாகச் சட்டென்று திசை மாற்றி நிற்க வேண்டிய இடத்தில், ஜோய்ஸ்டிக் நடுவைக் கடந்து மறுபக்கம் போக வேண்டும். இரண்டு விரல்களில் இரண்டு விசைகள் அதைவிட விரைவு. அதற்காக இரண்டாவது அடுக்கு வைத்திருக்கிறேன்: அதில் நகர்வு விரல்களுக்குத் திரும்பும், ஜோய்ஸ்டிக்கின் நான்கு திசைகளும் நான்கு ஆயுதங்களாகும். இந்த மென்பொருளில் ஒரு விசைக்குள் பல செயல்களை அடுக்கவும் முடியும். போட்டி விளையாட்டுகளில் அதைச் செய்யாதீர்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2இன் அதிகாரபூர்வ சேர்வர்களில் இத்தகைய தானியங்கு உதவிகளை வால்வ் நிறுவனம் 2024 ஓகஸ்டில் தடுத்தது. அது சரியான முடிவு. ஒரு அழுத்தலுக்கு ஒரு விசை என்பதை நானும் விதியாக வைத்திருக்கிறேன்.

தட்டச்சு செய்ய முடியாது என்பது பெரிய இழப்புத்தான். தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்களில் பெரும்பாலானவை வலது கைக்கும் இருக்கின்றன. பாதிப் பலகையில் அரைச் சொல்கூட வராது. எனக்கு அது தடையாக இல்லாததற்குக் காரணம், ரொறன்ரோவிலிருக்கும் பெரியம்மாவின் மகனோடுதான் அதிகம் விளையாடுகிறேன். அண்ணாவுக்கு இரவுச் சாப்பாடு முடியும் நேரம் எனக்கு விடியற்காலை. இருவரும் காதில் ஹெட்போனை மாட்டிப் பேசிக்கொள்கிறோம். எழுத்தில் பேசி விளையாடும் குழுவில் இருப்பவர்கள் கீபேடுக்கு மாறுவதற்கு முன் இதை நன்றாக யோசியுங்கள். விசைப்பலகையை நான் தூக்கிப் போடவில்லை. திரைக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்திருக்கிறேன், இதை எழுதுவதும் அதில்தான்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சாளுக்கும் இப்போது ஒன்று வேண்டுமாம். அவள் இடது கையால் மௌஸ் பிடிப்பவள். விற்பனைக்கு வரும் கீபேட்களில் பெரும்பாலானவை இடது கைக்கானவை என்பதால் அவளுக்குத் தெரிவே இருக்கவில்லை. மைத்தாளை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பும்போது பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைக்கச் சொல்லியிருக்கிறேன். அது இல்லாவிட்டால் அளவு கிடைக்காது. படத்தைக் கண்ணாடிபோலப் புரட்டி வெட்டினால் தகடு தயார். மென்பொருளில் நிரல்களின் வரிசையைத் திருப்பிப் போட்டு, ஜோய்ஸ்டிக்கின் சுழற்சியில் சைனின் குறியை மாற்றினால் போதும். அவள் கை சிறியது. சுண்டுவிரல் நிரல் இன்னும் பின்னால் போகும் என்று நினைக்கிறேன், அவளுடைய தாள் வந்ததும் வரையத் தொடங்குவேன்.